ஈப்போவில் திரேசா உட்காரும் இடங்கள்

காலை மணி 7.10. கோலாலம்பூர் கே.எல். சென்ட்ரல் நிலையத்தில் ரயில் புறப்பட்டபோதே எனக்கு எரிச்சல்தான். ஞாயிறு இணைப்புக்கு ஒரு பயணக் கட்டுரை வேண்டும் என்று ஆசிரியர் கேட்டிருந்தார். ஈப்போவில் உள்ளூர்க்காரர்கள் நிம்மதியாக இளைப்பாறும், வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாத இடங்கள். “கொஞ்சம் ஜாலியா எழுதுங்கம்மா” என்றார். ஜாலியாம்! டிக்கெட் நாற்பத்தாறு மலேசிய வெள்ளி. அதைக் கொடுத்து ஏறி உட்கார்ந்தால், பக்கத்து இருக்கைக்காரர் கைப்பேசியில் சிரிப்பு வீடியோவை மொத்தப் பெட்டிக்கும் ஒலிபரப்பிக்கொண்டு வந்தார். தஞ்சோங் மாலிம் வரை பல்லைக் கடித்தேன். பிறகு நன்றாகக் கேட்டுவிட்டேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஈப்போ வரை அமைதி.

உள்ளூர்க்காரர் என்று எனக்கு அந்த ஊரில் இருப்பது ஒருத்திதான், திரேசா. கல்யாணத்துக்கு முன்னால் கமுந்திங் தொழிற்பேட்டையில் ஒரே தொழிற்சாலையில் வேலை பார்த்தோம், விடுதியிலும் ஒரே அறை. இப்போது அவள் ஈப்போவில் ஒரு டயாலிசிஸ் நிலையத்தில் உதவித் தாதி. வாரத்தில் ஆறு நாள் வேலை, செவ்வாய்க்கிழமை மட்டும் ஓய்வு. புந்தோங்கில் வீடு. வீட்டில் கணவர் செபஸ்தி, மாமனார், சம்பாதிக்கிற வயதில் இரண்டு மகன்கள். நான்கு ஆம்பிளைகள். குளிர்சாதனப் பெட்டியில் தண்ணீர்ப் போத்தலை நிரப்பி வைக்கக்கூட அவள்தான் வரவேண்டும்.

நான் போனில் விஷயத்தைச் சொன்னபோது சிரித்தாள். “இடந்தானே, வா சரோ, காட்டுறேன். மூனு இடம் வச்சிருந்தேன். ரெண்டு போச்சு. இப்ப மிச்சம் ஒன்னுதான் லா” என்றாள்.

காலை 9.50. ஈப்போ ரயில் நிலையம். வெள்ளைக் கோபுரங்களோடு கல்யாண கேக் மாதிரி நிற்கும் கட்டடம். வாசலில் சின்னக் காரில் திரேசா காத்திருந்தாள். கண்ணுக்குக் கீழே கருவளையம். விடியற்காலையில் எழுந்து நாலு பேருக்கும் மத்தியானச் சோறு வரை ஆக்கி வைத்துவிட்டு வந்திருக்கிறாள். ஓய்வு நாளாம்!

“பசியாறிட்டியா?”

“இல்ல டி.”

“அப்ப வா, போன எடத்த மொதல்ல காட்டுறேன்.”

பழைய நகரில் ஒரு சந்து. அதில் ஒரு சீனர் காப்பிக்கடை. கடைசி மேசை, பாத்திரம் கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில். தெரிந்த முகம் ஒன்றும் வராது என்பதற்காகவே திரேசா அங்கே போய் உட்காருவாளாம். ஒரு கோப்பி, ரொட்டி, ஒரு மணி நேரம். கடைக்கார ஆன்ட்டி ஒன்றும் கேட்கமாட்டாள். அப்புறம் எதிர்ச்சுவரில் யாரோ ஓர் ஓவியம் வரைந்தார்கள். அவ்வளவுதான், படம் எடுக்க வெளியூர்க் கூட்டம் வந்துவிட்டது. நாங்கள் போனபோது வரிசை சந்து முனை வரை நின்றது. வெயிலில் நின்று ஒரு வழியாக உட்கார்ந்தோம். வெள்ளைக் கோப்பி மூன்று வெள்ளி இருபது காசு. மூன்று வாய் குடித்திருக்கமாட்டேன், என் நாற்காலியின் முதுகில் ஒரு கை. திரும்பினால் தொப்பி போட்ட ஒரு பெண், எப்போது எழுந்திருப்போம் என்று காத்து நிற்கிறாள்.

“இன்னும் குடிச்சு முடிக்கல” என்றேன்.

“இட்ஸ் ஓகே ஆன்ட்டி, நாங்க வெயிட் பண்றோம்” என்று சிரித்தாள். நாற்காலியிலிருந்து கையை எடுக்கவில்லை. ஆன்ட்டியாம். கோப்பியைப் பாதியிலேயே வைத்துவிட்டு எழுந்தேன்.

காலை 11.00. இரண்டாவது இடம், ஊருக்குத் தெற்கே ஒரு வீடமைப்புப் பகுதியின் பின்னால். ஈயம் தோண்டிய பழைய பள்ளத்தில் தண்ணீர் தேங்கி ஏரியாகியிருக்கிறது. எதிரே சுண்ணாம்புக்கல் மலை செங்குத்தாக நிற்கிறது, அதன் நிழல் தண்ணீரில் ஆடாமல் கிடக்கிறது. கரையில் அங்சானா மரம், அதன் அடியில் ஒரு சிமெண்டு பெஞ்சு. உண்மையைச் சொல்கிறேன், உட்கார்ந்ததும் எனக்கு உடம்பெல்லாம் இளகியது. ஒரு மீன்கொத்தி வந்து கம்பத்தில் உட்கார்ந்தது. இந்த இடம் எப்படிப் போச்சு என்று கேட்க வாயைத் திறந்தேன்.

“அண்ணி!”

மெதுவோட்டம் ஓடிவந்த ஒருவர், செபஸ்தியோடு இரவு ஷிப்டில் வேலை செய்பவர். வியர்வையைத் துடைத்துக்கொண்டே நின்றார். “என்ன அண்ணி இங்க? அண்ணன் வரலியா?”

“இல்ல, கூட்டாளி வந்திருக்கா. சும்மா உக்காந்திருக்கோம்.”

“சும்மாவா?” அவரால் நம்ப முடியவில்லை. எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். “ஒன்னும் பிரச்சன இல்லியே?”

“இல்ல லா.”

அவர் வளைவு திரும்பிக் கொஞ்ச நேரத்திலேயே திரேசாவின் போன் அடித்தது. செபஸ்தி. ‘ஏரிப் பக்கம் என்ன பண்றே? அப்பாவுக்கு மருந்து எந்த டப்பாவுல?’ இரண்டு கேள்வியும் ஒரே மூச்சில் எனக்கே கேட்டன.

“இப்பிடித்தான் போச்சு” என்றாள் திரேசா.

எனக்கு வந்த கோபத்துக்கு அந்த ஏரியே கொதித்திருக்கவேண்டும். ஏன்யா, புந்தோங் உணவுக்கடைகளில் சாயங்காலம் நாலு மணிக்கு உட்கார்ந்து ஏழு மணிக்கு எழுந்திருக்கிற ஆண்களிடம் யாராவது போய், என்ன அண்ணே தனியா, அண்ணி வரலியா, வீட்டில் பிரச்சனையா என்று கேட்டதுண்டா? ஒரு தே தாரேக் டீயை வைத்துக்கொண்டு மூன்று மணி நேரம் உலகத்தைத் திருத்துவார்கள். அது பொழுதுபோக்கு. ஒரு பொம்பளை பெஞ்சில் அரை மணி நேரம் உட்கார்ந்தால் அது குடும்பப் பிரச்சனை!

பகல் 12.30. மிச்சம் இருக்கிற ஒரே இடத்துக்குப் புறப்பட்டோம். ஈப்போவிலிருந்து வடக்கே சுங்கை சிப்புட் ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர். வழியெல்லாம் லாரி. ஊரைத் தாண்டி ஒரு செம்மண் பாதையில் திரும்பினால் இரண்டு பக்கமும் எண்ணெய்க்காக நட்ட செம்பனை. ஒரு காலத்தில் இது பால்மரத் தோட்டம், ரப்பர். கைமாறிய பிறகு மரங்களை வெட்டினார்கள், லயங்களை இடித்தார்கள், மூன்று தலைமுறையாக உழைத்த சனங்களைக் காலி செய்யச் சொன்னார்கள். தோட்டத்து மாதா கோயில் மட்டும் நிற்கிறது. தகரக் கூரை, வெள்ளையடித்த சுவர், கொக்கி போட்ட கதவு. மாதத்தில் ஒரு ஞாயிறு மட்டும் பூசை.

திரேசாவுக்கு ஞானஸ்நானம் கொடுத்தது இங்கேதான். அதனால் பழைய நினைப்பில் வருகிறாள் என்று நான் முடிவு கட்டியதும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“பழைய நெனப்பாவது, ஒன்னாவது! எங்கம்மா காலையில பால் வெட்டி, மத்தியானம் புல்லு வெட்டி, லயத்துக்கு வந்தா அடுப்பு. அவங்க உக்காந்து நான் பாத்ததே இல்ல. இங்க ஆள் வராது, போன்ல லைன் கெடைக்காது. அதான் லா வாரேன். அதோட, கோயில்ல கண்ண மூடிக்கிட்டு இருந்தா யாரும் ஏன்னு கேக்க மாட்டாங்க.”

சொல்லிவிட்டு இரண்டாம் பெஞ்சில் உட்கார்ந்தாள். முன்பெஞ்சின் முதுகில் கையை மடித்து வைத்து, அதில் தலையைக் கவிழ்த்தாள். பார்த்தால் உருக்கமான ஜெபம். கிட்டே போனால் மெல்லிய குறட்டை.

நான் சிலிப்பரைக் கழற்றிவிட்டுக் குளிர்ந்த தரையில் காலை வைத்துக்கொண்டேன். ஜன்னல் வழியாகச் செம்பனை ஓலைக் காற்று வந்தது. கூரைத் தகரம் வெயிலில் அவ்வப்போது ‘டக்’ என்றது. நான் இந்து, மாதாவோடு எனக்குப் பெரிய பழக்கம் இல்லை. ஆனாலும் அன்று அவர் என்னை ஒன்றும் கேட்காமல் இருந்ததற்காகக் கையெடுத்துக் கும்பிட்டேன். ஆசிரியர் கேட்ட இடம் இதுதான். இதைவிட நல்ல இடத்தை நான் பேராக் மாநிலத்திலேயே பார்த்ததில்லை.

மாலை 4.00. திரும்பும் வழியில் பெரிய சாலைக்கு வந்ததும் திரேசாவின் போனுக்கு உயிர் வந்தது. வரிசையாகத் தவறிய அழைப்புகள், எல்லாம் செபஸ்தி. கடைசியில் ஒரு செய்தி: உடனே வீட்டுக்கு வா.

வேறு ஒன்றும் இல்லை. திருப்பி அழைத்தால் எடுக்கவில்லை. “மாமாவுக்குத்தான் என்னமோ” என்றாள் திரேசா. ஈப்போ வரை லாரிகளை முந்திக்கொண்டே ஓட்டினாள். புந்தோங்கில் தெரு முனை திரும்பியதும் வீட்டு வாசல் தெரிந்தது. வாசல் நிறையச் சிலிப்பர்கள். நம் ஊரில் ஒரு வீட்டு வாசலில் அத்தனை சிலிப்பர் கிடந்தால் என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். திரேசா காரை நடுத்தெருவிலேயே நிறுத்திவிட்டு ஓடினாள். நானும் ஓடினேன்.

உள்ளே மாமனார் நாற்காலியில் நன்றாகத்தான் இருந்தார். முறுக்கு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

கூடத்தைச் சுற்றிலும் பெண்கள், கையில் செபமாலை. பங்குக் கோயிலைச் சேர்ந்தவர்களின் வீடு வீடாகப் போய் ஜெபம் செய்கிற அன்பியக் குழு. அதன் தலைவி ரோசம்மா அக்கா எழுந்து வந்து திரேசாவைக் கட்டிக்கொண்டார்.

“பயப்படாதே திரேசா. போன மாசம் மாதாவுக்குப் பூ வைக்கலாம்னு தோட்டத்துக் கோயிலுக்குப் போனேன். நீ ஒத்தையில தலய கவுத்துக்கிட்டு அழுதுகிட்டு இருந்தே. ஒன்ன கூப்பிட மனசு வரல. வீட்டுல என்ன கஷ்டமோ, பாவம். அதான் சொல்லாம கொள்ளாம எல்லாரும் சேந்து ஜெபிக்க வந்துட்டோம்.”

செபஸ்தி சுவரோரம் நின்றார். முகம் கறுத்திருந்தது. “காட்டுக் கோயில்ல போயி அழுவுற அளவுக்கு ஒனக்கு என்ன கொற வச்சேன்? இத்தன பேரு முன்னால எனக்கு எப்பிடி இருக்கு தெரியுமா?”

“நான் அழல” என்றாள் திரேசா. “தூங்கினேன்.”

செபஸ்தி சுவரை விட்டு முன்னால் வந்தார்.

“தூங்கவா அம்புட்டு தூரம்? ஏன், வீட்டுல கட்டில் இல்லியா?”

எனக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. விருந்தாளியாவது, மரியாதையாவது! “கட்டில் இருக்கு அண்ணே. தூங்க விடுறது யாரு? ஏரியில உக்காந்தா அங்கயும் போன் அடிச்சு மருந்து டப்பா எங்கன்னு கேக்குறீங்க. அது ஒங்க அப்பாதானே, ஒங்க வீடுதானே? இனிமே அந்தக் கோயில்லயும் அவள உக்கார விடமாட்டீங்க. அவளுக்குன்னு இருந்த கடைசி எடம் அது!”

ரோசம்மா அக்கா பதறிப்போய்ச் சட்டென்று சிலுவை அடையாளம் போட்டு ஜெபத்தைத் தொடங்கிவிட்டார். கூடமே முழந்தாளிட்டது. செபமாலையின் ஐம்பத்து மூன்று மணிகளையும் உருட்டி முடித்த பிறகு மன்றாட்டு. ஆளுக்கு ஒரு வேண்டுதலைச் சத்தமாகச் சொல்லவேண்டும். யார் என்ன கேட்டாலும் மற்றவர்கள் எல்லோரும் ஒரே பதிலைச் சொல்லவேண்டும். ஒருவர் மகன் படிப்புக்குக் கேட்டார், ஒருவர் மூட்டு வலிக்கு. எல்லாவற்றுக்கும் எல்லோரும் பதில் சொன்னார்கள். கடைசியில் திரேசாவின் முறை.

அவள் கண்ணைத் திறந்துகொண்டே கேட்டாள். “என்னோட செவ்வாய்க்கிழமைக்காக மன்றாடுறேன். அன்னிக்கு பொழுது சாயுற வரைக்கும் இந்த வீட்டுல யாரும் என்னக் கூப்பிடக் கூடாது. எங்க இருக்கேன்னு கேக்கக் கூடாது. சோத்த அவங்களே ஆக்கிக்கணும். இதுக்காக ஆண்டவரே, உம்மை மன்றாடுகிறோம்.”

பழகிய வாய்கள். யோசிக்க நேரமே இல்லை. “ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்!” என்று மொத்தக் கூடமும் சொல்லிவிட்டது. செபஸ்தியும் சொல்லிவிட்டார். சொல்லிய பிறகுதான் அவருக்கு உறைத்தது. காது மந்தமான மாமனார், எல்லோரும் முடித்த பிறகு, தனியாக இன்னொரு தடவை உரக்கச் சொன்னார்.

ஜெபம் முடிந்ததும் தேநீர் தரவேண்டும். எல்லோர் பார்வையும் வழக்கப்படி திரேசாவிடம் போனது. அவள் பிரம்பு நாற்காலியில் சாய்ந்து காலை நீட்டிக்கொண்டாள். மகன்கள் கைப்பேசியைப் பார்த்தார்கள். நானும் அசையவில்லை, பிடிவாதமாகத்தான். கடைசியில் செபஸ்தி தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்து சமையலறைக்குள் போனார். குழாய்த் தண்ணீர் சத்தம் கேட்டது. அடுப்பு இரண்டு தடவை அணைந்து மூன்றாம் தடவை பற்றியது.

“திரேசா, சீனி எங்க?”

திரேசா கண்ணை மூடிக்கொண்டாள். ரோசம்மா அக்காவுக்கு மனசு கேட்கவில்லை, பாதி எழுந்துவிட்டார். திரேசா கண்ணைத் திறக்காமலே அவர் கையைப் பிடித்து இழுத்தாள்.

“உக்காருங்கக்கா. தேடட்டும்.”

ரயிலுக்கு நேரமாகிவிட்டது. நான் பையை எடுத்துக்கொண்டு வாசலில் என் சிலிப்பரைத் தேடி மாட்டும்போதும், உள்ளே ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து மூடுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.