அகோர் நஸ்கர் கரையை அழகுபடுத்திய கதை

கல்கத்தா மாநகரம் காலையில் எழுந்து, குளித்து, துவைத்து, மற்ற கடமைகளையும் முடித்துத் தண்ணீரை ஊற்றிவிட்டு, அத்தோடு அந்த விஷயத்தை மறந்துவிடும். மறக்காத ஒரே ஜீவன் அகோர் நஸ்கர். நகரத்துக்குக் கிழக்கே, கூட்டுறவுச் சங்கத்து மீன் ஏரியில் மதகு திறப்பவர். அந்தக் கறுத்த தண்ணீர் கால்வாய் வழியே வந்து அவர் மதகில் காத்துக் கிடக்கும். அவர் அளவாக உள்ளே விடுவார். வெயில் அதைப் பக்குவப்படுத்தும். பாசி பச்சை பிடிக்கும். அதைத் தின்று ரோகு மீனும் கட்லா மீனும் கொழுக்கும். பிறகு கூடையேறி, அனுப்பி வைத்தவர்கள் தட்டுக்கே கடுகுக் குழம்பாகத் திரும்பிப் போகும். இத்தனை பெரிய காரியத்தில் ஓர் இயந்திரமும் கிடையாது, ஒரு மந்திரியும் கிடையாது. ஆகவே ஒழுங்காக நடந்துவந்தது.

அகோர் நன்றி மறவாதவர். மதகைத் தூக்குமுன் நகரம் இருக்கும் திசைக்கு ஒரு கும்பிடு போடுவார். "அவங்க வயிறு நல்லா இருக்கட்டும்" என்பார். பூஜை விருந்து நாட்களில் கும்பிடு கொஞ்சம் நீளும்.

இப்படிப்பட்ட மனிதருக்கு வெட்கம் வந்தது, மகள் சம்பாவுக்கு நகரத்து வரன் வந்தபோதுதான். பெஹாலாவில் வீடு, பையனுக்கு மின்சார வேலை. அவனுக்கும் சம்பாவுக்கும் ஏற்கெனவே பிடித்துப்போயிற்று. பையனின் அப்பா ஹால்தார் பாபு வந்து பார்த்துச் சரியென்றால் கல்யாணம். பார்க்க என்ன இருக்கிறது? ஓர் ஏரி. அதன் கரையோரம் மூங்கில் கட்டி வளர்த்த ஆகாயத்தாமரைப் புதர்.

"காட்டுல குடியிருக்கோம்னு நெனச்சுடுவாங்க" என்று அகோர் முடிவுகட்டினார். கால்வாய்ப் பக்கத்துக் கரை முழுக்கப் புதரை அறுத்து, கரைக்குப் பின்னால் குவித்தார்.

மனைவி பிமலா இடுப்பில் கைவைத்துப் பார்த்தாள். "சம்பா அப்பா, அலை வந்தா கரையை யாரு காப்பாத்துவா? உங்க சம்பந்தியா?"

"ஒருநாள் கூத்துதானே. அப்புறம் வளந்துக்கும்."

ஞாயிறு மத்தியானம் ஹால்தார் பாபு மகனோடு வந்தார். வெள்ளை வேட்டி, பளபளக்கும் செருப்பு. "ஆகா, எவ்வளவு சுத்தம்!" என்றார். அகோர் குளிர்ந்துபோனார். மீன் வறுவலைக் கடித்தபடி பாபு கேட்டார்: "இவ்ளோ ருசியா இருக்கே, என்ன தீனி போடறீங்க?"

"மழைத்தண்ணியும் மகாலட்சுமி கிருபையும்" என்றார் அகோர். பிமலா அவசரமாக அடுக்களைக்குள் போய்விட்டாள். உள்ளே இருமுவது கேட்டது.

மகாலட்சுமிக்குக் கோபம் வந்திருக்கவேண்டும். வடமேற்கில் வானம் கறுத்து, கோடைப் புயல் ஏரிமேல் விழுந்தது. எத்தனையோ வருஷமாகப் புதரில் மோதி மடங்கிய அலை, இப்போது மொட்டை மண்ணை நேரே அறைந்தது. கரை கரைந்தது. ஓரிடத்தில் ஓர் ஆள் அகலத்துக்கு வாய் திறந்தது. அதற்கப்பால் கால்வாயின் கறுப்புச் சகதி. அதில் இறங்கிய மீன் பிழைக்காது. சங்கத்து மீன் போனால் மதகு வேலை போகும். வேலை போனவன் வீட்டில் யார் பெண் எடுப்பார்கள்?

"புதரைக் கொண்டாங்க! அறுத்துப் போட்ட புதரை!" என்று கத்தினாள் பிமலா.

பையன் சட்டையோடு குதித்தான். சம்பா கூடையோடு ஓடினாள். மூங்கில் நட ஆள் போதாமல், ஹால்தார் பாபுவே வேட்டியை மடித்துக்கட்டி உடைப்பில் முதுகு கொடுத்து நின்றார். அகோர் ஆகாயத்தாமரையை அள்ளி அள்ளித் திணித்தார். அறுத்ததில் முக்கால்வாசி உள்ளே போனபிறகு உடைப்பு அடங்கியது.

முழங்கால்வரை கறுப்பாக நின்ற ஹால்தார் பாபு மூக்கைச் சுளித்தார். "நஸ்கர் பாபு, இது என்ன தண்ணி?"

பொய் சொல்ல மூச்சு மிச்சமில்லை. "உங்க ஊர்லேர்ந்து வர்றதுதாங்க பாபு. உங்க வீட்டுதும் இருக்கும். அதுலதான் பாசி. பாசியிலதான் மீன். நீங்க இல்லேன்னா எங்களுக்குச் சோறே இல்ல."

ஹால்தார் பாபு தன் காலைப் பார்த்தார். சாப்பிட்ட வறுவலை நினைத்தார். முகம் இரண்டு மூன்று நிறம் மாறியது. அகோர் கைகூப்பியபடி நின்றார்.

"அப்போ ரெண்டு வீட்டுக்கும் கொடுக்கல் வாங்கல் ரொம்ப நாளா நடக்குது, எனக்குத்தான் சொல்லல" என்றார் பாபு கடைசியில். "இனிமே பொண்ணு பாக்க என்னய்யா இருக்கு? தேதி குறிங்க. முதல்ல குளிக்க நல்ல தண்ணி காட்டுங்க."

மஞ்சள் பூசும் நாளில் மாப்பிள்ளை வீட்டுச் சீர் வந்தது. நடுத்தட்டில், வங்காளத்துக் கல்யாண வழக்கப்படி சிவப்புப் புடவை சுற்றி மூக்குத்தி போட்ட பெரிய ரோகு. அகோர் செதிலைத் தடவிப் பார்த்தார்.

"நம்ம ஏரி மீனுடி" என்றார், கண் கலங்கி.

"தெரியுது. அழுதுகிட்டு நிக்காம தட்டை வாங்குங்க" என்றாள் பிமலா.