பிறந்த வீட்டுச் சாமி

என் அக்காவும் தம்பியும் பேச்சை நிறுத்தியதற்குக் காரணம் ஒரு பிளெக்ஸ் பேனர். தம்பி பழனிசெட்டிபட்டியில் வீடு கட்டிப் பால் காய்ச்சியபோது வாசலில் வைத்த பேனரில் எல்லார் படமும் இருந்தது. அவன் பைக் படம்கூட இருந்தது. அக்கா வீட்டுக்காரர் படம் மட்டும் கீழ் மூலையில் தீப்பெட்டி அளவுக்கு இருந்தது. "எங்க வீட்டு மனுசன எங்கன ஒட்டிருக்கான் பாரு" என்று அக்கா பந்தியில் உட்காராமலே பஸ் ஏறிவிட்டாள். நியாயம்தானே? ஒரு வயிற்றில் பிறந்தவர்கள் பகையாகிப் போக இதைவிடப் பெரிய காரணம் வேண்டுமா என்ன!

அன்றிலிருந்து இரண்டு பக்கமும் இடி வாங்கும் மத்தளம், நடுவில் பிறந்த நான். தம்பி போன் போட்டு, "பெரியக்கா என்னயப் பத்தி ஏதாச்சும் சொன்னாகளா?" என்பான். உன் பேரையே எடுக்கவில்லை என்பதை எப்படிச் சொல்வது? அங்கே மழை பெய்ததா என்று பேச்சை மாற்றுவேன். பெய்யவில்லை என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவான். எப்படியாவது இந்த இரண்டையும் ஒரு வார்த்தை பேசவைத்துவிட வேண்டும் என்று வேண்டாத கோயில் இல்லை.

வழி பிறந்தது குச்சனூரில். மகனுக்குப் பெண் அமையவில்லை என்று சனீஸ்வரனுக்கு விளக்குப் போடப் போன அக்காவை ஒரு சோசியர் பிடித்துக்கொண்டார். திராட்சைத் தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் பையனுக்கு யாரும் பெண் தருவதில்லை என்பது கம்பம் வரைக்கும் தெரிந்த விஷயம். சோசியருக்கு மட்டும் வேறு காரணம் தெரிந்தது. பிறந்த வீட்டுச் சாமி மலை மேல் கேட்பாரற்றுக் கிடக்கிறதாம், உடன்பிறந்தவன் கையால் சூடம் ஏற்ற வேண்டுமாம்.

மலை மேல் ஒரு பழைய ஊர் இடிந்து கிடக்கிறது, நம் ஆட்கள் அங்கிருந்து இறங்கியவர்கள்தான் என்று அப்பா சொல்வார். சொன்னாரே தவிர அவரும் ஏறிப் பார்த்ததில்லை. அக்கா கறாராகச் சொன்னாள்: "நான் சாமிக்காகத்தான் வாரேன், அவன் மூஞ்சியப் பாக்க இல்ல. அங்கன சாமி இல்லேன்னா அப்பிடியே எறங்கிருவேன்." அதைத் தம்பியிடம் ஒப்பித்தேன். "இருக்கும் சின்னக்கா, இருக்கும்" என்றான்.

போன வாரம் ஏறினோம். தம்பி வலதுகை விரலில் பெரிய கட்டோடு வந்தான். கேட்டதற்குக் கார்க் கதவு நசுக்கிவிட்டது என்றான்.

"அவன்ட்ட கேளு, சூடம் எடுத்தாந்தானான்னு." அக்கா என்னிடம் சொன்னாள். தம்பி அவளுக்கு ஒரு முழம் தள்ளித்தான் நடந்துகொண்டிருந்தான்.

"எடுத்தாந்துட்டேன்னு சொல்லு சின்னக்கா."

"எடுத்தாந்துட்டானாம்" என்றேன். மூச்சு வாங்க மலையேறிக்கொண்டு இந்த உத்தியோகம் வேறு. கூலி கிடையாது.

மேலே வந்து பார்த்தால், ஆகா, என்ன ஊர்! முழங்கால் உயரத்துக்குக் கல் வரிசைகள், நடுவில் கள்ளி. அரண்மனை என்று தம்பி கைகாட்டிய இடத்தில் ஆட்டுப்புழுக்கை. காவல் கோபுரத்தில் பீர் பாட்டில். மிச்சமிருந்த ஒரே சுவரில் யாரோ ஒருவன் தன் காதலி பெயரைப் பெயிண்டில் எழுதி வைத்திருந்தான். இந்தச் சீமையைவிட்டு நம் முன்னோர் ஏன் இறங்கினார்கள் என்று கேட்க வேண்டிய அவசியமே இல்லாமல் போனது.

சாமியைத் தேட வேண்டியிருக்கவில்லை. தம்பி நேரே ஒரு உசிலை மரத்தடிக்குக் கூட்டிப் போனான். இடுப்புக்குக் கீழான உயரத்தில் ஒரு கல், உச்சி மொழுக்கென்று உருண்டு நின்றது. அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டு மஞ்சளையும் குங்குமத்தையும் எடுத்து வைத்தாள். நான் தூக்குவாளியில் கொண்டுபோன தண்ணீரை அதன் தலையில் ஊற்றினேன்.

தண்ணீர் அடிமண்ணைக் கரைத்தது. கல்லின் விளிம்பு தெரிந்தது. வழவழவென்று, வட்டமாக, உள்ளே குழிந்து. அடப்பாவி! பாதி ஆயுசை மாவு இடித்தே கழித்த எனக்குக் கவிழ்த்து வைத்த உரலின் வாய் தெரியாதா? பக்கத்தில் மண் புதிதாகக் கிளறியிருந்தது, கடப்பாரை குத்திய தடம் இருந்தது. நான் தம்பியின் விரலைப் பார்த்தேன். அவன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஆகாயத்தைப் பார்த்து முருகனைக் கூப்பிட்டான்.

தனியாக வந்து தேடியிருக்கிறான். சாமியைக் காணாமல் ஒன்றைச் செய்து வைத்திருக்கிறான். பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை கேள்விப்பட்டிருக்கிறேன், உரல் சாமியான கதை எங்கள் வீட்டில்தான். அவசரமாக விளிம்பில் மண்ணைத் தள்ளி மூடினேன்.

அக்கா மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தாள், அவன் சூடம் ஏற்றினான். மூவரும் விழுந்து கும்பிட்டோம். எழுந்த அக்கா கொஞ்ச நேரம் கல்லையே பார்த்தாள். நான் மூடிய மண்ணைக் கால் கட்டை விரலால் விலக்கினாள். போச்சு, இதோ இறங்கப் போகிறாள் என்று நான் தூக்குவாளியைக் கையில் எடுத்தேன்.

"ஏலே, இந்த உரலக் கவுத்தப்பத்தான் வெரலு நசுங்குச்சா? ஊசி போட்டியாடா?"

தம்பி முழித்தான். பழக்கதோஷம், என் பக்கம் திரும்பினான். "போடலன்னு சொல்லு சின்னக்கா."

"அவகிட்ட எதுக்குடா சொல்ற? நான் இங்கனதான நிக்கிறேன்."