பாதிக் கூரை

வல்லத்திராக்கோட்டையில் ஒரு சிமெண்டு சீட்டு வீட்டின் மேல் கீற்று பரப்பப் போனேன். சித்திரை மாதம். அந்த வீட்டு அம்மா ஒல்லியாக, கறுத்துப்போய் இருந்தார். சன்னலில் கட்டிய ஈரச்சேலை காயக் காய, அவிழ்த்து நனைத்துக் கட்டிக்கொண்டே இருந்தார்.

"கெழக்குப் பாதிக்கு மட்டும் போடுங்கண்ணே."

"கீத்து நெறையக் கெடக்குத்தா. மேக்கயும் போட்டுர்றேன்."

"வேணாம். அங்கிட்டு நாந்தான் படுப்பேன்."

தண்ணீர் குடிக்க உள்ளே போனேன். கிழக்குப் பக்கம் ஒரு கயிற்றுக்கட்டில் கிடந்தது. அதைச் சுற்றித் தரையில் தண்ணீர் தெளித்திருந்தது. கட்டிலில் யாரும் இல்லை.

"வீட்டுக்காரரு வேலைக்குப் போயிட்டாரா?"

"போன சித்திரையில செத்துப்போனாருண்ணே. வெக்கை தாங்கலை, மேல கீத்து போடுன்னாரு. சீட்டு வீடு கட்டிட்டுக் குடிசை மாதிரி கீத்து போட்டா ஊரு சிரிக்கும்னேன்."

ஏறிப் போய், அந்த அம்மா சொன்ன பாதியை மட்டும் மூடினேன். கடைசிக் கீற்றைக் கட்டும்போது கீழேயிருந்து அவர் குரல் கேட்டது.

"இனி வெக்கை தெரியாதுல்லங்க?"

"தெரியாது" என்றேன்.

இறங்கி எட்டிப் பார்த்தேன். அவர் கட்டிலைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டு நின்றார். என் குரலை யாருடையது என்று எடுத்துக்கொண்டாரோ. நான் மறுபடி வாய் திறக்காமல் ஏணியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.