கற்களிடையே கூவிய பெயர்

ஹனோவரிலிருந்து பேர்லினுக்குச் சென்று, அந்நகரை நடந்தே பார்க்க வேண்டும் என்பது என் மனைவியின் விருப்பம். அவளுக்கு மறதிநோய் தொடங்கியிருந்தது. தனியே விடலாகாது என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். நினைவு நிற்கும்போதே பார்த்துவிட வேண்டும் என்பது அவளுடைய வாதம்.

நகரின் புகழ்பெற்ற பெருவாயிலைக் கண்டுவிட்டுத் தெற்கே திரும்பியபோது பிற்பகல் மூன்றரை மணி. மார்கழி மூட்டத்தில் வெளிச்சம் சாம்பலாகியிருந்தது. கொலையுண்ட யூதர்களுக்கான நினைவிடம் எதிர்ப்பட்டது. எழுத்தொன்றும் இல்லாத கொங்கிறீற்றுப் பாளங்கள், வரிசை வரிசையாக.

"இஞ்சாருங்கோ, பேர் எழுதாத சவக்காலையோ இது?" என்றாள்.

"சவக்காலை இல்லை, இஞ்ச ஒருத்தரையும் புதைக்கேல்லை. நினைவிடம். மெல்லக் கதையும்."

"நான் மெல்லத்தான் கதைக்கிறன். நீங்கள் மெல்ல நடவுங்கோ. உப்பிடி ஓடினால் டொக்டரிட்டை உங்கட முழங்காலுக்குத்தான் நாள் குறிச்சு டெர்மின் எடுக்க வேணும்."

ஓரத்தில் முழங்காலளவு இருந்த பாளங்கள், நிலம் தாழத் தாழத் தலைக்கு மேல் உயர்ந்தன. ஒருவர் பின் ஒருவராகவே நடக்க முடிந்தது. கோயிலை வலம் வருகையில் நான் முன்னே, அவள் பின்னே. நாற்பதாண்டுப் பழக்கம் அது, திரும்பிப் பார்ப்பதில்லை. அன்றும் பதிகமொன்றை வாய்க்குள் ஓதியபடி நடந்தேன். பின்னால் காலடி கேட்டுக்கொண்டே வந்தது. பதிகம் நிறைவுற்றுத் திரும்பினேன். சாம்பல்நிற மேலங்கி அணிந்த அந்நியர் ஒருவர் நின்றார். தலையசைத்துவிட்டுப் பக்கச் சந்தில் மறைந்தார்.

எவ்விடத்திலிருந்து அவருடைய காலடியை அவளுடையதென்று கேட்டு வந்தேன்?

"இஞ்சாரும்!"

நான் அவளை அழைத்ததெல்லாம் அப்படித்தான். பெயர் சொல்லி அவளும் என்னை அழைத்ததில்லை. நானும் அவள் பெயரைச் சொன்னதில்லை. கற்கள் குரலை விழுங்கின. சந்துகளின் முடிவில் யாரோ கடக்கும் தோள்நுனி தெரியும். ஓடிச் சென்றால் ஒருவரும் இல்லை. அடியும் முடியும் தேடிக் காணாத இருவரை, இறைவன் பெருமைக்குச் சான்றாகவே வாழ்நாளெல்லாம் பாடி வந்தவன் நான். தேடியவர்களின் அச்சத்தை அன்றுவரை எண்ணிப் பார்த்ததில்லை.

இறந்தோரை நினைக்கும் இடத்தில் கத்துவது தகாது. ஆயினும் இருள் இறங்கிக்கொண்டிருந்தது. அவள் பெயரைச் சொல்லிக் கூவினேன். என் வாயில் அது முன்பின் அறியாத ஒருத்தியின் பெயராக ஒலித்தது. மீண்டும் கூவினேன். மூன்றாம் முறையும் விடையில்லை.

அடுத்த வரிசையிலேயே அவள் நின்றிருந்தாள். ஈரக் கல்லில் உள்ளங்கையை ஊன்றி, எதையோ கூர்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நான் கூப்பிட்டது கேக்கேல்லையோ?"

"நீங்களோ? ஆரோ ஒரு மனுசன் எல்லோ தன்ர மனிசியைத் துலைச்சுப்போட்டுக் கத்தினவர். பாவம், என்ன மாதிரிக் கத்தினவர்! அந்த மனிசியைக் கண்டுபிடிச்சாச்சோ?"

கல்லில் ஊன்றியிருந்த கையை அவள் எடுத்தாள்.

"வாங்கோ, நாங்களும் ஒருக்காத் தேடிப் பாப்பம்" என்று என் கையைப் பற்றினாள்.

வீதி விளக்குகள் எரியும்வரை, ஒவ்வொரு சந்தாக எட்டிப் பார்த்தபடி, இருவரும் அவளைத் தேடி நடந்தோம்.