இடித்தது ஆட்டோ அல்ல

ஆரோக்கியமேரி அம்மாவை இடித்துத் தள்ளியது நான்தான். ஆட்டோ அல்ல. என் சைக்கிள்.

கவனக்குறைவு என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளவும் எனக்கு வழியில்லை. தூரத்திலேயே அவரைப் பார்த்துவிட்டேன். பிரேக் பிடிக்க நேரம் இருந்தது. பிடிக்கவில்லை.

இதை உங்களிடம்தான் முதன்முதலாகச் சொல்கிறேன். நீங்கள் யாரென்று எனக்குத் தெரியாது, அதனால்தான் சொல்ல முடிகிறது. தெரிந்தவர்களிடம் சொல்லும் தைரியம் இருந்திருந்தால் நீங்கள் இதைப் படிக்கவேண்டிய அவசியமே வந்திருக்காது.

எனக்கு ஊர் ஆம்பூர். பெங்களூரில் மென்பொருள் வேலை, ஆஸ்டின் டவுனில் வாடகை வீடு. கார் வாங்க வசதி இருந்தும் சைக்கிளில் ஆபீஸ் போகிறவன் என்பதில் எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா? வண்டியில் போகிறவனெல்லாம் பாவி, நான் மட்டும் புண்ணியவான் என்கிற நினைப்பு. ஹெல்மெட்டும் கையுறையும் மாட்டிக்கொண்டு கிளம்பினால் ஏதோ ஊரைத் திருத்தப் புறப்பட்டவன் மாதிரி ஒரு மிதப்பு வந்துவிடும்.

நான் போகும் சாலையில் ஓரமாகப் பச்சைப் பெயின்ட் அடித்து சைக்கிள் பாதை என்று ஒன்று விட்டிருந்தார்கள். பிரித்துக் காட்ட நட்ட பிளாஸ்டிக் கம்பங்களில் பாதி ஒடிந்துபோயிருந்தன. மீதி இடத்தில் கார் நிற்கும், டெலிவரி பைக் பறக்கும், இளநீர் வண்டி நிற்கும். எல்லாவற்றையும் போட்டோ எடுத்து எங்கள் சைக்கிள்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் போடுவேன். உடனே கோபப் பொம்மைகளாக வந்து குவியும். அந்தக் கோபம் எனக்குப் பிடித்திருந்தது... காலையில் காபி குடிப்பதுபோல் அது பழக்கமாகிவிட்டது.

அன்று காலை ஒரு பெரிய கார் பாதையை முழுசாக அடைத்துக்கொண்டு நின்றது. கண்ணாடியைத் தட்டினேன். உள்ளே இருந்தவன் கண்ணாடியை இறக்கி, என்னை மேலும் கீழும் பார்த்து, வாயில் வந்த வார்த்தை ஒன்றைச் சொல்லிவிட்டு மறுபடி ஏற்றிக்கொண்டான். என்ன செய்தேன் நான்? சைக்கிளைத் தூக்கிக்கொண்டு காரைச் சுற்றிப் போனேன். வாயே திறக்கவில்லை. ஆள் பருமனாக இருந்தான்.

காது மடல் சுட்டது. வேகமாக மிதித்தேன். விவேக் நகர்ப் பக்கம் திரும்பியதும் குழாய் பதிக்க நடைபாதையைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். கல் பலகைகள் பெயர்ந்து கிடந்தன. நடக்கிறவர்களுக்குச் சைக்கிள் பாதையை விட்டால் வேறு இடமில்லை. அது எனக்கு நன்றாகத் தெரியும், தினமும் பார்க்கிறேனே.

அங்கேதான் அவர் போய்க்கொண்டிருந்தார். சமையல் வேலைக்குப் போகிற அம்மா, கையில் கட்டைப்பை. முதுகுப்பக்கம் மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. அந்த முதுகைப் பார்த்ததும் எனக்குள் ஒரு கேவலமான சந்தோஷம் வந்தது. ஆம், சந்தோஷம்! இவரிடம் கோபப்படலாம். இவர் திருப்பி ஒன்றும் சொல்லமாட்டார்.

மணி அடித்தேன். அவர் ஒதுங்கவில்லை, ஒதுங்க எங்கே இடம்? உரசினாற்போல் போய் ஒரு பயம் காட்டலாம், அப்போதுதான் புத்தி வரும் என்று நினைத்தேன். இடிக்கவேண்டும் என்று நினைக்கவில்லை. இந்த இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு என்று வெகுநாள் என்னிடமே வாதாடியிருக்கிறேன். உண்டா? நீங்களே சொல்லுங்கள்.

கைப்பிடி அவருடைய பையின் காதில் மாட்டிக்கொண்டது. இழுத்த இழுப்பில் அவர் சுழன்று சாலைப் பக்கமாக விழுந்தார். நானும் விழுந்தேன். பின்னால் வந்த ஆட்டோ கிறீச்சென்று நின்றது. அதன் முன்சக்கரத்துக்கும் அவருக்கும் நடுவே ஒரு ஆள் உட்காரலாம், அவ்வளவு இடைவெளி இருந்தது. அதை என் கண்ணால் பார்த்தேன்.

இந்த ஊரில் விபத்து நடந்தால் யார் தப்பு என்று யாரும் விசாரிப்பதில்லை. எது பெரிய வண்டியோ அதன்மேல்தான் தப்பு. கூட்டம் கூடியபோது அங்கே இருந்தவை ஒரு சைக்கிளும் ஒரு ஆட்டோவும். தீர்ப்பு முடிந்துவிட்டது. எனக்கு யாரோ தண்ணீர் கொடுத்தார்கள். ஆட்டோக்காரரைச் சட்டையைப் பிடித்து இறக்கினார்கள். ஒருவன் சாவியைப் பிடுங்கிக்கொண்டான். இன்னொருவன் அறைந்தான்.

“ஏனாய்த்து சார்?” என்று ஒருவர் கன்னடத்தில் என்ன நடந்தது என்று கேட்டார். நான் பதற்றத்தில், “அம்மாவைப் பாருங்க, முதல்ல அம்மாவைப் பாருங்க” என்று தமிழில் சொன்னேன்.

அதைக் கேட்டதும் ஆட்டோக்காரரின் முகம் தெளிந்தது. “சார், நீங்க தமிழா? அப்பாடா. இவங்ககிட்ட சொல்லுங்க சார். நான் அவங்க மேல படவே இல்ல. முன்னாடியே நின்னுட்டேன்ல சார்?”

தமிழ் என்றதும் நம்பிவிட்டார்... கன்னம் சிவந்து வீங்கியிருந்தது. என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“நான் சரியா கவனிக்கலண்ணா” என்றேன்.

போலீஸ் ஸ்டேஷனில் எனக்கு நாற்காலி போட்டார்கள். எழுதிக்கொண்டவர் அவராகவே கேட்டார், பின்னாலிருந்து ஆட்டோ வந்து இரண்டு பேரையும் இடித்தது, அப்படித்தானே என்று. தலையாட்டினேன். கன்னடத்தில் எழுதியதில் கையெழுத்துப் போட்டேன். எனக்குத்தான் கன்னடம் படிக்கத் தெரியாதே என்று பிற்பாடு சமாதானம் சொல்லிக்கொண்டேன். அது பொய். அவர் நிதானமாகப் படித்துக் காட்டினார். ஒவ்வொரு வரியும் புரிந்தது.

குழுவில் என் கட்டுப்போட்ட முழங்கையின் படம் போயிற்று. அடுத்த ஞாயிற்றுக்கிழமை சைக்கிள்காரர்கள் திரண்டு வந்து அந்த இடத்தில் அட்டை பிடித்து நின்றார்கள். என்னைப் பேசச் சொன்னார்கள். நான் பேசினேன்! வண்டிக்காரர்களின் அலட்சியத்தைப் பற்றி, நடந்து போகிற ஏழைப் பெண்களின் பாதுகாப்பைப் பற்றி, தொண்டை அடைக்கப் பேசினேன். அந்த அடைப்பு நடிப்பு இல்லை, அதுதான் எனக்கே பயமாக இருந்தது. கைதட்டினார்கள்.

சில மாதத்தில் அங்கே புதிதாக இரும்புக் கம்பங்களே நட்டுவிட்டார்கள். இன்று ஒரு காரும் உள்ளே வரமுடியாது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் பயமில்லாமல் சைக்கிளில் போகிறார்கள். நல்லதுதானே நடந்திருக்கிறது என்று நீங்கள் எனக்காகச் சொல்லக்கூடும். நானும் சொல்லிப் பார்த்திருக்கிறேன்.

ஆட்டோக்காரர் பெயர் சேகர். ஒக்கலிபுரத்துக்காரர். ஆட்டோ அவருடையது இல்லை, வாடகைக்கு எடுத்து ஓட்டினார். கேஸ் என்றதும் முதலாளி வண்டியைத் திருப்பி வாங்கிக்கொண்டார். வேறு யாரும் கொடுக்கவில்லை. கோர்ட்டுக்கு இழுத்து அலையவேண்டாம், தப்பை ஒத்துக்கொண்டு அபராதம் கட்டிவிட்டால் முடிந்தது என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். நீதிபதி முன்னால் போய் நின்று, நான்தான் இடித்தேன் என்று சேகர் ஒத்துக்கொண்டார். அதனால் என்னைச் சாட்சிக்குக்கூட யாரும் கூப்பிடவில்லை.

இவையெல்லாம் எனக்கு ஆரோக்கியமேரி அம்மா சொல்லித்தான் தெரியும். ஒரு வியாழக்கிழமை ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு விவேக் நகரில் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். சொல்லிவிடத்தான் போனேன். அப்படித்தான் நம்பிக்கொண்டு போனேன்.

நான்கு கால் வைத்த கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தார். அன்று முறிந்த இடுப்பெலும்பு முழுதாகச் சேரவில்லை. சமையல் வேலை அதோடு போயிற்று.

“நீங்க எதுக்குத் தம்பி இதெல்லாம் வாங்கிட்டு வந்தீங்க? உங்களுக்கும்தானே அடிபட்டுச்சு” என்றார். “நீங்க பெல் அடிச்சது எனக்குக் கேட்டுச்சு. ஒதுங்கச் சொல்லித்தானே அடிச்சீங்க? நான்தான் ஒதுங்கல.”

ஆப்பிள் பையை அவர் பக்கத்தில் வைத்தேன்.

“அந்த சேகரும் பாவம்தான் தம்பி. இப்ப ஏதோ அபார்ட்மென்ட்ல வாட்ச்மேனா இருக்கான். ஒவ்வொரு வியாழனும் வந்து என்னைக் குழந்தை இயேசு கோயிலுக்குக் கூட்டிட்டுப் போறான். அவன் இந்து, இருந்தாலும் என் பக்கத்திலேயே உக்காந்திருப்பான். நான் அவனை மன்னிச்சிட்டேன். சொன்னா நம்பமாட்டேங்கறான்.”

காபி வேண்டாம் என்று சொல்லிவிட்டு அவசரமாக வெளியே வந்தேன். சைக்கிளை நெருங்கும்போது எதிரே சேகர் வந்துகொண்டிருந்தார். காவல்கார நீலச் சட்டை. இளைத்திருந்தார். என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டார். சண்டைக்கு வருவார் என்று நினைத்தேன். வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“சார், உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்னு ரொம்ப நாளா நெனச்சிட்டிருந்தேன்” என்றார். கேஸைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. “அன்னிக்கு நான் மோதலன்னுதான் நெனச்சேன். எல்லாரும் மோதினேன்னு சொன்னாங்க. கோர்ட்லயும் ஒத்துக்கிட்டேன். இப்ப நெனச்சுப் பார்த்தா எதுவுமே சரியா ஞாபகம் வரமாட்டேங்குது சார். ஒருவேளை பட்டிருக்குமோ, கண்ணாடியில பின்னாடி பார்த்திருப்பேனோ... தூக்கமே வரல. நீங்க பக்கத்துலயே இருந்தீங்க. உண்மையைச் சொல்லுங்க சார். நான்தான் இடிச்சேனா?”

கேட்டீர்களா? அவர் என்மேல் குற்றம் சாட்டவே இல்லை. இல்லை என்று நான் சொல்லியிருந்தால் போதும். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அந்த மனிதர் காத்திருந்தார்.

ஆனால் இல்லை என்று சொன்னால் அடுத்த கேள்வி என்ன வரும் என்று எனக்குத் தெரியும். அப்படியென்றால் யார் சார் இடித்தது என்று கேட்பார். உள்ளே அந்த அம்மா கதவருகில் வந்து நின்று எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். எனக்கு ஆபீஸ் ஞாபகம் வந்தது, குழு ஞாபகம் வந்தது, மைக்கில் பேசியது ஞாபகம் வந்தது...

முதல் பொய்யைப் பயத்தில் சொன்னேன், கூட்டம் இருந்தது என்று ஏதாவது சொல்லிக்கொள்ளலாம். இந்தப் பொய்க்கு எந்தக் கூட்டமும் இல்லை. யோசித்து, அவர் கண்ணைப் பார்த்து, மெதுவாகச் சொன்னேன்.

“ஆமாண்ணா. லேசா பட்டுச்சு.”

அவர் பெருமூச்சு விட்டார்.

“சரிங்க சார். தெரியாம இருந்ததுதான் ஒரு மாதிரியா இருந்துச்சு. ரொம்ப நன்றி சார்” என்றார். என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அப்புறம் அந்த அம்மாவைக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனார்.