முறிந்து கூடிய கால்

அருங்காட்சியகத்தில் ஊசியக்கா என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். வருகைப் பதிவேட்டில் வேறு பெயர் இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். ஊசியால் சுரண்டிக் கல்லிலிருந்து எலும்பைப் பிரித்தெடுப்பது அவர் வேலை, அந்த எலும்புக்கு விளக்கப் பலகை எழுதுவது என் வேலை. எங்கள் மேசைகளுக்கு நடுவில் ஒரு கண்ணாடித் தடுப்பு உண்டு. எத்தனை முறை துடைத்தாலும் அதில் அவர் பக்கத்துத் தூசிதான்.

ஊரைத் தாண்டி இரண்டு மணி நேரம் பேருந்தில் போனால் எலும்புகள் கிடைக்கும் அந்த மணற்பாறை மேடு வரும். டைனோசர்கள் நடமாடிய காலத்து ஆற்றுமணல், இறுகி இறுகிக் கல்லாகிவிட்டது. பார்க்க அழகு, வேலைக்கு வம்பு. ஓரிடத்தில் காய்ந்த ரொட்டி மாதிரி உதிரும், நாலு விரல் தள்ளினால் ஊசி முனையை ஒடிக்கும். போதாததற்கு எலும்பும் கல்லும் ஒரே பழுப்பு. சந்தேகம் வந்தால் அக்கா ஒரு துணுக்கை நுனிநாக்கில் வைத்துப் பார்ப்பார். ஒட்டினால் எலும்பு, ஒட்டாவிட்டால் கல். "சாப்பாட்டுல உப்பு கூடுதா குறையுதான்னு தெரியல, இது மட்டும் நல்லாத் தெரியுது" என்பார்.

அந்த மேட்டிலிருந்து மாவுக்கட்டுப் போட்டுக் கொண்டுவந்த ஒரு பாளத்தோடு அவர் பதினோரு வருடம் மல்லுக்கட்டினார். நாளெல்லாம் குனிந்து சுரண்டினால் கட்டைவிரல் நகமளவு எலும்பு வெளிப்படும். வலது தோள் தேய்ந்து, கை இப்போது காதுவரை எழும்பாது. காலையில் தலை வாரிவிடுவது அவர் கணவர்தான். "எங்க வலிக்குதுக்கா?" என்று ஒருநாள் தெரியாமல் கேட்டுவிட்டேன். "வலிக்காத இடத்தக் கேளு தம்பி, சீக்கிரம் முடிஞ்சிடும்" என்றார்.

அந்தப் பாளத்தில் இருந்ததுதான் எங்கள் காட்சிக்கூடத்தின் நட்சத்திரம், ஒரு கால் எலும்பு. அந்த வகை விலங்குக்குக் கிடைத்த ஒரே கால் எலும்பு அதுதான். நடுவில் முடிச்சுப் போல ஒரு புடைப்பு. எட்டு வருடத்துக்கு முன் நான் எழுதிய பலகை இது: "இந்த விலங்கின் கால் முறிந்து, தானாகக் கூடியது. அதன் பிறகும் பல ஆண்டுகள் நடந்தது." கை கால் முறிந்து கட்டோடு வரும் பிள்ளைகள் அதன் முன்னால் வெகுநேரம் நிற்பார்கள். எனக்குக் கொஞ்சம் தலைக்கனமே உண்டு. அக்கா மட்டும் அந்தக் கூடத்துக்குள் வரவே மாட்டார், பின்படிக்கட்டால் சுற்றிப் போவார். முட்டிவலி என்று நினைத்துக்கொண்டேன். என் மூளை அவ்வளவுதான்.

போன மாதம், அவர் ஓய்வுபெற இரண்டு மாதம் இருக்கையில், ஓர் ஆய்வாளப் பெண் வந்தாள். புடைப்பின் குறுக்கே அறுத்து, எலும்பு எப்படிக் கூடியது என்று பார்க்க இயக்குநர் அனுமதி கொடுத்திருந்தார். அன்று மத்தியானம் அக்கா தடுப்பைத் தட்டினார்.

"தம்பி, அது கூடின எலும்பு இல்ல. நான் ஒடச்சது."

எலும்பு உடைந்த அந்த வாரம் முழுக்க அவர் மாமியாரோடு மருத்துவமனையில் கண்விழித்திருக்கிறார். வேலையில் கண் சொருகி, ஊசி இறங்கி, இரண்டு விரல் அகலத்துக்கு எலும்பு பொடியாகிவிட்டது. உடைந்த இடத்தைப் பசையில் மணற்பாறைப் பொடி குழைத்து நிரப்புவது இந்தத் தொழிலில் எல்லோரும் செய்வதுதான். ஆனால் ஒட்டு தனியாகத் தெரிகிற மாதிரி ஒரு சாயல் வெளிறி இருக்க வேண்டும், குறிப்பேட்டிலும் எழுத வேண்டும். பதற்றத்தில் அக்கா கொஞ்சம் அதிகமாக அப்பி, அச்சு அசலாக நிறமும் ஏற்றிவிட்டார். குறிப்பு எழுதப் பேனாவை எடுத்தபோது மாமியார் போய்விட்டதாகத் தொலைபேசி வந்தது. பத்து நாள் கழித்துத் திரும்பியபோது, சிரித்தே பழக்கமில்லாத இயக்குநர் எதிரே வந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். புடைப்பைக் கூடிய முறிவு என்று நம்பி அவர் எழுதிய கட்டுரை அதற்குள் ஆய்விதழுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது.

"அறுத்துப் பாத்து முடிவு வர எப்படியும் மாசக்கணக்காகும். ரெண்டு மாசம் வாய மூடிட்டு இருந்தா வீட்டுக்குப் போயிடலாமேக்கா."

"போயிடலாம். ஆனா அறுக்குறப்போ ரெண்டு பக்கமும் நல்ல எலும்பு போயிடும். நான் ஒடச்சது போதாதா?"

எனக்குக் கோபம் வந்தது, மறைக்க என்ன இருக்கிறது? அந்தப் பிள்ளைகளை எட்டு வருடம் ஏமாற்றியது என் எழுத்து. மறுநாள் முழுக்க அவரோடு நான் பேசவில்லை.

அறுக்கும் நாளன்று எலும்பைத் தட்டில் வைத்திருந்தார்கள். "அஞ்சு நிமிஷம் சார்" என்று அக்கா குறுக்கே வந்தார். பசை கரைக்கும் திரவத்தைப் பஞ்சில் நனைத்துப் புடைப்பின் மேல் வைத்தார். அறை முழுக்க நகப்பூச்சு அழிக்கிற வாசனை. பஞ்சை மாற்றி மாற்றி வைத்தார். புடைப்பு இளகி, மணல் மணலாகத் தட்டில் இறங்கியது. கடைசியில் இரண்டு துண்டு எலும்பும் நடுவில் இடைவெளியும்தான் மிச்சம்.

"எட்டு வருஷமா ஏம்மா சொல்லல?" இயக்குநரின் குரல் எழும்பவே இல்லை.

"முதல் நாள் நீங்க அவ்ளோ சந்தோஷமா இருந்தீங்க சார். அப்புறம் பயம். அதுக்கப்புறம் அசதி."

இயக்குநர் வெளியே போனார். ஆய்வாளப் பெண் ரம்பத்தைப் பெட்டியில் வைத்து மூடினாள். அக்கா தட்டிலிருந்த மணலைத் தூரிகையால் கூட்டி, ஒரு குப்பியில் போட்டுத் தேதி எழுதினார்.

மறுநாள் இயக்குநரிடமிருந்து என் மேசைக்கு ஒரு சீட்டு வந்தது. பழைய பலகையை எடுத்துவிட்டு இதை வைக்க வேண்டும்: "நடுவில் உள்ள இடைவெளி, எலும்பைச் சுத்தம் செய்தவர் கையில் உடைந்தது." சீட்டை அக்காவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். உருப்பெருக்கியை இழுத்து வைத்து நிதானமாகப் படித்தார்.

"கூடத்துல மொத்தம் எத்தன எலும்பு தம்பி?"

"நாப்பத்தொண்ணு. எல்லாம் நீங்க எடுத்ததுதான்."

"சுத்தம் செஞ்சவங்கன்னு ஒருத்தர் இருக்காங்கன்னு எதுலயாவது எழுதியிருக்கியா?"

இல்லை. நான் பலகை எழுதிய இருபத்தாறு வருடத்தில் ஒன்றில்கூட இல்லை. எழுதச் சொல்லி யாரும் கேட்கவில்லை, எனக்கும் தோன்றவில்லை. வெட்கமாக இருந்தது.

"அப்ப எழுத்தக் கொஞ்சம் பெருசாவே போடு" என்றார் அக்கா. "கண்ணாடி இல்லாம படிக்கணும்."

பெரிதாகவே எழுதினேன். சாயங்காலம் பலகையை மாட்டிக்கொண்டிருந்தபோது அக்கா கூடத்தின் முன்வாசல் வழியாக வந்தார். தோளைத் தடவிக்கொண்டே அதன் முன்னால் வெகுநேரம் நின்றார்.