காப்புறுதிப் பத்திரத்தில் என் பெயர்

போன ஆவணி மாதம், ஒரு வெள்ளிக்கிழமை. ரோவில் புறநகரில் நாங்கள் வாங்கிய வீடு பிற்பகல் இரண்டு மணிக்குக் கைக்கு வர வேண்டும். வாடகை வீட்டை விட்டாயிற்று. கட்டில், மெத்தை எல்லாம் லொறியில். பத்தரைக்குச் சட்டத்தரணியின் அலுவலகத்துப் பிள்ளை போன் எடுத்தாள்.

“அன்ரி, வீடு உங்கட பேரில. காப்புறுதி அங்கிளின்ர பேரில கிடக்கு. பன்னிரண்டுக்குள்ள மாத்தித் தராட்டி பாங்க் கடன் காசு விடாது.”

என் சாதகத்துக்குத்தான் வீடு நிலைக்கும் என்று சாத்திரியார் சொன்னதால், வீட்டை என் பெயரில் மட்டும் எழுதினோம். ஆனால் கரண்ட் பில்லில் இருந்து கார் வரைக்கும் தன் பெயரையே போட்டுப் பழகிய என் மனுசன், கட்டடக் காப்புறுதிக்கும் அதையே போட்டுவிட்டார். வீட்டுக்காரி நான், காப்புறுதிக்காரர் அவர்! அவரோ டண்டினொங்கில், களஞ்சிய வேலையில். உள்ளே போன் கொண்டுபோக விடமாட்டார்கள்.

இந்த நாட்டுக்கு வந்து பதினெட்டு வருடம். வங்கி, கம்பனி என்று ஒரு கந்தோருக்கும் நான் போன் எடுத்ததில்லை. ஆங்கிலம் தெரியும், வாய்தான் திறக்காது. எல்லாம் அவரே பேசுவார். லொறிக்குப் பக்கத்தில் நின்று அழுதேன். வீடு போய்விடும் என்றே நினைத்தேன். பிறகு பெட்டிக்குள் சுற்றி வைத்திருந்த முருகன் படத்தை வெளியே எடுத்தேன்.

“அப்பனே, வீடு தந்தது நீ. இப்ப எனக்கு வாய் தா.”

வேறொன்றும் கேட்கவில்லை. காப்புறுதிக் கம்பனிக்கு நானே போன் எடுத்தேன்.

என் பெயரில் புதிதாகக் காப்புறுதி எழுத, சுவர் செங்கல்லா, கூரை ஓடா, எப்போது கட்டியது என்று போனை எடுத்த பெண் அடுக்கிக்கொண்டே போனாள். நான் மளமளவென்று சொன்னேன். அந்த வீட்டை நாலு தரம் சுற்றிப் பார்த்தவள் அல்லவா? எந்த ஓடு வெடித்திருக்கிறது என்றுகூடச் சொல்லியிருப்பேன். கடைசியில், உரிமையாளர் யார் என்று கேட்டாள். நான்தான் என்றேன். சொல்லும்போது எனக்குப் புல்லரித்தது.

பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது, என் பெயரில் புதிய பத்திரம் வங்கிக்குப் போய்ச் சேர்ந்தது. இரண்டு மணிக்கு வீடு கைக்கு வந்தது. வீட்டுக் கதவுத் திறப்பை நானே போய் வாங்கினேன். வேலை முடிந்து வந்தவர் கதையைக் கேட்டு அசந்துபோனார்.

“நீயே கதைச்சனியோ?”

“ஓம், நானேதான்.”

பெருமையாகத்தான் சொல்கிறேன், ஏன் மறைக்க வேண்டும்? இப்போது கோயிலில் யாராவது, “அக்கா, எனக்காக ஒருக்கால் கதைச்சு விடுங்கோ” என்று வந்தால் நான் பேசிக் கொடுப்பதில்லை. பக்கத்தில் இருந்து அவர்களையே பேச வைக்கிறேன். அடியார்களே, பயமாக இருந்தால் முருகனிடம் கேளுங்கள். கேட்டுவிட்டுச் சும்மா இருக்காதீர்கள், போனை எடுங்கள். அவன் கட்டாயம் வாய் தருவான். எனக்கே தந்தானே!